பதினொன்றே கால் வோல்ட்

12.08.2007, ஞாயிறு

கோயிலில் பூசை முடிந்து வரும்போது அண்ணன் இன்றைக்கும் கேட்டார். "மோசசு, சோனியா கல்யாண வீடியோ இன்னாடா ஆச்சி?"

"ரெடி ஆயிக்கினே கீதுணா" என்றேன். ஒன்றும் ரெடி ஆகவில்லை. ஐந்து கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்ததோடு சரி. மே மாதம் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு ரஷீத் பாய் ஸ்டூடியோவுக்காக ஏழு கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஏழும் ஊரார் வீட்டுக் கல்யாணம். நம்ம வீட்டு வேலைதானே, அண்ணன்தானே, கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

கூடப் பிறந்த அண்ணன் அந்தோணி இல்லையென்றால் எனக்கு ஐ.டி.ஐ. ஏது, கம்பி மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை ஏது. அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே பொண்ணு சோனியாவை ஓசூருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சாப்பாடு மட்டும் என் மனைவி மேரி கையால்.

"அன்னிக்கி பந்தியப் பார்த்துக்கினே நேரம் போயிடுச்சிடா. பொண்ணு முகத்த நின்னு பார்க்கல. டிவில போட்டீன்னா கிட்டக்க உக்காந்து பார்த்துக்குவேன்" என்றார். கிட்டக்க என்று ஏன் சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

18.08.2007, சனி

ஆவணி பிறந்ததுதான் தாமதம், பாய் நாலு கல்யாணத்தைத் தலையில் கட்டிவிட்டார். மூன்று மணி நேரக் கல்யாணத்தைச் சிடியாக மாற்ற என் கம்ப்யூட்டருக்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கிறது. அதுவரை வேறு வேலை எதையும் தொட முடியாது. ஏ ஷிஃப்ட் முடித்து இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தால் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும்.

பஜார் பிரவுசிங் சென்டரில் போன வாரம் படித்ததைச் செய்து பார்த்தேன். என் பிராசஸர் 1.8 கிகாஹெர்ட்ஸ். அதே பிராசஸரை மூன்று வரைக்கும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓவர்க்ளாக் என்று பேர். பயாஸ் என்கிற செட்டிங் பக்கத்துக்குள் போய், பிராசஸருக்குத் தாளம் கொடுக்கிற பஸ் வேகம் 200 என்றிருப்பதை ஏற்றினால் சரி. 266 வைத்தேன். 2.4 வந்துவிட்டது. விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தது. ஒன்பது மணி நேர வேலை ஏழுக்குள் முடிந்தது.

"இன்னா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்றாள் மேரி. சொன்னேன். "அப்போ மாமா வீடியோவ மொதல்ல முடி" என்றாள். சரி என்றேன்.

26.08.2007, ஞாயிறு

முடிக்கவில்லை.

பாய் வீடு தேடி வந்துவிட்டார். பழவேற்காட்டில் நாளை நிக்காஹ், கையில் புதுக் கேசட் இல்லை, பாரிமுனையில் சரக்கு வரவில்லையாம். என் மேஜை மேல் சோனியாவின் ஐந்து கேசட் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"டெலிவரி ஆயிடுச்சா மோசஸ்?" என்று கேட்டார். சிடி வாடிக்கையாளர் கைக்குப் போய், போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கேசட்டில் மறுபடி படம் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை ஸ்டூடியோவில் கொண்டுவந்ததே நான்தான். பாயிடம் சண்டை போட்டுக் கொண்டுவந்தேன்.

"நம்மூட்டு கேசட்டுதான் பாய். டிஸ்க்குல ஏத்தியாச்சி. எடுத்துக்கினு போங்க."

03.09.2007, திங்கள்

லீவு போட்டு அண்ணனைச் சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நான்கு மணி நேரம் சொட்டு மருந்து ஊற்றி ஊற்றி உட்காரவைத்தார்கள். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. முப்பது வருடம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண் வேறு. வலது கண் ஏறக்குறைய போய்விட்டது என்கிறார் டாக்டர். இடது கண்ணில் உள்ளே கசிகிறது. லேசர் வைக்கலாம், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "அதுவும் சொல்ல முடியாதுங்க."

இவ்வளவு போயிருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? மார்ச் மாதத்தில் இருந்தே மங்கலாம். சொன்னால் கல்யாணச் செலவில் கை வைத்து வைத்தியம் பார்க்கச் சொல்வோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பொன்னேரி தாண்டியதும் சொன்னார்: "இந்தக் கண்ணு இருக்கிறப்பவே அத்தப் போட்டுக் காட்டிடுடா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

05.09.2007, புதன்

நேற்றும் இன்றும் உட்கார்ந்து சோனியா வீடியோவை முழுக்க வெட்டிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. கோயில் வாசலில் அண்ணன் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வருகிற இடத்தில் ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்க்கிறார். கேமரா சரியாக அந்த நேரம் அவர் மேல் இருக்கிறது. அந்த ஒரு பார்வையை மெதுவாக ஓடவிட்டிருக்கிறேன். சிடியாக மாற்றுவது மட்டும் பாக்கி.

ஆனால் பாய் ஆர்டர் இரண்டு சனிக்கிழமைக்குள் போயாக வேண்டும். இரண்டையும் முடித்து, மூன்றாவதாகச் சோனியாவுடையது. வேகத்தை மூன்றுக்கு ஏற்றினால் எல்லாம் ஞாயிற்றுக்குள் நடக்கும். 333 வைத்தேன். விண்டோஸ் பாதியில் நின்றது. பிராசஸருக்குப் போகிற வோல்டேஜை 1.32-இல் இருந்து 1.45 ஆக்கினேன். வந்துவிட்டது. மூன்று!

கணக்கும் போட்டுப் பார்த்தேன், போடாமல் இல்லை. பிராசஸர் சாதாரணமாக 65 வாட் இழுக்கும். வேகம் ஏறுகிற அளவுக்கு அதுவும் ஏறும். வோல்டேஜை ஏற்றினால் அதற்கு வர்க்கக் கணக்கு. சேர்த்துப் பார்த்தால் 130 வாட், சரியாக இரண்டு மடங்கு. அத்தனையும் 12 வோல்ட் லைனில் இருந்து வர வேண்டும். மூன்று ஹார்டு டிஸ்க்கும் அதே லைன்தான். கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் டப்பா கேபினெட்டோடு சும்மா வந்தது. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தூக்கிப் பார்த்தால் காலி டிபன் டப்பா கனம்கூட இல்லை.

மல்டிமீட்டரை அந்த 12 வோல்ட் வருகிற மஞ்சள் வயரில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.9. வேலை கொடுத்ததும் 11.24-க்கு விழுந்தது. 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மில்லில் ஒரு பேனல் இப்படி இறங்கினால் நானே முதல் ஆளாக நிறுத்தச் சொல்வேன். போன மாதம்கூட ஃப்யூஸில் தடிக் கம்பி சுற்றினான் என்று ஒருவனை எல்லார் எதிரிலும் திட்டினேன்.

நாலு நாள்தானே. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவைத்தேன். ஞாயிறு முடிந்ததும் பழையபடி இறக்கிவிடுவேன்.

08.09.2007, சனி

போச்சு.

நான் மில்லில் இருக்கும்போது பதினோரு மணிக்கு நடந்திருக்கிறது. பாயின் இரண்டாவது ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டென்று சத்தம், புகை நாற்றம், மேரி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவள்மேல்தான் பாய்ந்தேன். "ஏண்டி புடுங்கின? தொடாதன்னு சொன்னேனே."

"பத்திக்கினு எரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தேன். உள்ளே கரி. போகிற போக்கில் என்ன வோல்டேஜைத் தள்ளிவிட்டதோ, மதர்போர்டும் பிராசஸரும் போய்விட்டன. அதுகூடப் பரவாயில்லை. வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் மூன்றில் இரண்டின் அடியில் சின்ன சில்லு வெடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. சோனியாவுடையது அந்த இரண்டில் ஒன்றில்.

நல்ல டப்பாவாக இருந்தால் ஆபத்து என்றால் தன்னையே அணைத்துக்கொள்ளும். இது எதிரில் இருந்ததை எல்லாம் கொளுத்திவிட்டுத்தான் செத்தது. எனக்குத் தெரியாதா? 11.24-ஐ நான்தானே பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

09.09.2007, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன்.

15.09.2007, சனி

ரிச்சி தெருவில் டிஸ்க் பார்க்கிற ஆள் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். அதே மாடல் டிஸ்க்கின் போர்டை மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். "உள்ள படிக்கிற ஹெட்டும் சேர்ந்து போயிருக்கு சார். வேற எங்க கொண்டுபோனாலும் இதத்தான் சொல்வாங்க" என்றார். கேசட் இருக்குமே சார் என்று கேட்டார்.

பாயிடம் ஓடினேன். சோனியாவின் ஐந்து கேசட்டிலும் பழவேற்காடு நிக்காஹ் இருக்கிறது. முழுக்க, கடைசி நிமிடம் வரை. பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் கேட்டேனே மோசஸ். அன்னிக்கே கேட்டேனே."

எரிந்துபோன மற்ற ஆர்டர்களுக்கு எல்லாம் கேசட் பத்திரமாக இருக்கிறது. மறுபடி ஏற்றி வெட்டிக் கொடுத்துவிடலாம். ஊரார் வீட்டுக் கல்யாணம் ஒன்றுகூடக் கெடவில்லை.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தேன். கையில் செங்கல் கனம் இருக்கிறது.

30.09.2007, ஞாயிறு

"நேரம் புடிக்குதாடா?" என்றார் அண்ணன். "ஆமாணா" என்றேன்.

சொல்லிவிடு என்கிறாள் மேரி. "அவரு உன்ன அடிக்கப் போறாரா? போச்சின்னா போச்சின்னு சொல்லு." அடித்தால் தேவலையே. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். "சரி உடுறா" என்பார். அதைத்தான் என்னால் கேட்க முடியாது.

14.10.2007, ஞாயிறு

லேசர் இரண்டாம் தடவை முடிந்தது. தட்டில் மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தேடுகிறார். மேரி முள் எடுத்து வைக்கிறாள்.

ஓசூரில் இருந்து சோனியா போன் பண்ணினாள். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், பயணம் கூடாது என்று அங்கே தடுத்துவிட்டார்கள். "சித்தப்பா, அப்பா வீடியோ பார்த்துட்டாரா? பார்த்துட்டு அழுதாரா?" இன்னும் இல்லம்மா, வேலை நடக்கிறது என்றேன். என் வாய் இவ்வளவு சுளுவாகப் பொய் சொல்லும் என்று எனக்கே தெரியாது.

06.11.2007, செவ்வாய்

காலையில் எழுந்ததும் இடது கண்ணில் சிவப்பாக ஏதோ மிதக்கிறது என்று சொல்லியிருக்கிறார். உள்ளே ரத்தக் குழாய் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை ஆட்டிக் காட்டினால் தெரிகிறது. விரலை எண்ணச் சொன்னால் முடியவில்லை.

ஆகஸ்ட்டில் கொடுத்திருந்தால் பார்த்திருப்பார். செப்டம்பர் முதல் வாரத்தில் பாய் வேலையை ஒதுக்கிவிட்டு, பழைய வேகத்திலேயே ஒன்பது மணி நேரம் ஓடவிட்டிருந்தால்கூடப் பார்த்திருப்பார். ஒன்பதே மணி நேரம். வேகம் வேகம் என்று அலைந்தேனே, யாருக்காக?

02.12.2007, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

அண்ணன் இன்று கேட்டார்: "கண்ணு இல்லன்னா இன்னாடா, காது கீதுல்ல. போட்டு உடு, கேக்கறேன். நிழலாட்டம் கொஞ்சம் தெரியும்."

போன வருடம் நான் வெட்டிய ஒரு கல்யாணம் தப்பித்த மூன்றாவது டிஸ்க்கில் இருக்கிறது. மாதர்பாக்கம் சின்னராசு மகள் ஜெயராணி. அதே கோயில், அதே ஃபாதர், அதே பாடகர் குழு. பெண்ணும் சோனியா உயரம். திருமண வாக்குக் கொடுக்கும்போது பேர் சொல்கிற இடம் வருகிறதே, அங்கே பேச்சை அமுக்கிவிட்டு மாதா பாட்டை ஏற்றினால் போதும். கல்யாண வீடியோவில் எல்லா இடத்திலும் பாட்டைப் போட்டு நிரப்புவதுதான் வழக்கம். யாருக்கும் சந்தேகம் வராது.

மேரியிடம் சொன்னேன். "கண்ணு தெரியாத மனுசன ஏமாத்தறதுக்கா இத்தக் கத்துக்கின?" என்று கேட்டதோடு சரி.

09.12.2007, ஞாயிறு

போட்டேன்.

டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தரையில். பெண் கோயிலுக்குள் நடந்து வந்ததும், "வந்துட்டாளா?" என்றார். "வந்துட்டாணா." கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தார். தாலி கட்டும்போது மேளச் சத்தத்துக்குத் தலையை ஆட்டினார். முடிந்ததும் என் தோளைத் தட்டி, "நல்லா பண்ணிக்கீற" என்றார்.

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

16.12.2007, ஞாயிறு

மறுபடி போடச் சொன்னார்.

25.12.2007, செவ்வாய்

கிறிஸ்துமஸ். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், "அத்தப் போடேன்" என்றார். மேரி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணி நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு வரும் என்று இப்போது அவருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் நான் பேச்சை அமுக்கினேன் என்பது எனக்கு மனப்பாடம்.

13.01.2008, ஞாயிறு

இன்றும். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "டீ சாப்பிடறியாணா" என்று கேட்டுவிட்டேன்.

03.02.2008, ஞாயிறு

சோனியா பிரசவத்துக்கு நேற்று வந்துவிட்டாள். இந்த நாள் வரும் என்று தெரிந்துதான் இருந்தேன். ஆனாலும் முன்னாலேயே அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"மோசசு, பொண்ணு வந்துக்கீது. போடுறா, கூட உக்காந்து பார்க்கட்டும்" என்றார் அண்ணன். மேரி என்னைப் பார்த்தாள். நான் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதல் காட்சியிலேயே சோனியாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "அப்பா, இதோ நீ என் கையப் புடிச்சிக்கினு வர்ற. வெள்ள வேட்டி, நான் எடுத்துக் குடுத்த ஊதாச் சட்டை. வாசப்படியில எனக்குச் செருப்பு தடுக்குச்சில்ல, அந்த இடம்." திரையில் அப்படி எதுவும் இல்லை. யாரோ ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். அவள் தன் ஞாபகத்தில் இருந்து முழுக் கல்யாணத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு இடத்தில்கூடக் குரல் உடையவில்லை.

குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் வேகம், வோல்டேஜ், கேசட், எதையும் விடவில்லை. அவளுக்கு அதெல்லாம் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை.

"எங்கப்பா என்னக் கடைசியா நல்லாப் பார்த்தது அதுலதான் இருந்துச்சி சித்தப்பா" என்றாள். "எனக்குக் காட்டறதுக்கு வேற இன்னா கீது?"

மன்னித்துவிடு என்றேன். உள்ளே போகும்போது திரும்பி, "அவருகிட்ட இனிமே சொல்லாத. சந்தோஷமா பார்த்துக்கினு கீறாரு. அதையும் கெடுக்காத" என்றாள்.

எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அண்ணன் வீட்டிலேயே பொங்கிக்கொண்டாள்.

10.02.2008, ஞாயிறு

சாம்பல் புதன் போய்த் தவக்காலத்து முதல் ஞாயிறு. சாயங்காலம் வழக்கம்போல் சிடியை எடுத்துக்கொண்டு போனேன். சோனியா உள்ளே படுத்திருந்தாள். அண்ணன் மட்டும் நாற்காலியில் இருந்தார்.

"இன்னிக்கி வேணாண்டா. தவக்காலத்துல கல்யாணம் எதுக்கு" என்றார். சரி என்று எழுந்தேன். "உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். மெதுவாக, உள்ளே கேட்காத மாதிரி கேட்டார்:

"அந்தப் பொண்ணு யாரு ஊட்டுப் பொண்ணுடா?"

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத வாரமே. நிழலாத் தெரிஞ்சாலும் நடை தெரியாதா? நம்ம பொண்ணு ஓட்டமும் நடையுமா வருவா. இது தரையப் பார்த்துக்கினு வருது."

"ஏண்ணா கேக்கல?"

"மூச்சு உடாம பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்த. கேட்டா ஏந்து போயிடுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமையில வர மாட்ட." கையை நீட்டித் தேடினார். என் முழங்கால் அகப்பட்டது. "சோனியாகிட்ட சொல்லாத. போன வாரம் எனக்காக எவ்ளோ சொன்னா பாவம்."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அந்தப் பெண்ணின் பேரைத்தான் மறுபடி கேட்டார். ஜெயராணி என்றேன், மாதர்பாக்கம் என்றேன்.

"ஜெயராணி" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்லாக் கீதா அந்தப் பொண்ணு? விசாரிச்சி சொல்லு. வாரா வாரம் அவ கல்யாணத்துக்குப் போயிட்டு வரேன், ஒரு ஜபம்கூடச் சொல்லல."